வீடு திரும்பிய ஈரல் நோயாளிக்கு யார் பொறுப்பு?

ஈரற் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற ஒருவர் வைத்தியசாலையை விட்டு வெளியேறும்போது அவர் கையிலே ஒரு காகிதம் கொடுக்கப்படுகிறது. 'டயக்னோசிஸ் காட்' என்று நாம் எல்லோரும் அழைக்கும் அக்காகிதம் ஆங்கிலத்தில், அதுவும் ஒரு வைத்தியர் மற்றொரு வைத்தியருக்கு எழுதும் சுருக்கெழுத்தில் எழுதப்பட்டிருக்கும். அதனோடு சில மாத்திரைப் பைகள். அவற்றின்மேல் பேனையாற் கீறிய குறிகள். சில வேளைகளில் சிங்களத்திலே ஒரு வரி. அடுத்த கிளினிக் திகதி. அவ்வளவுதான். அந்த நிமிடத்திலிருந்து அந்நோயாளியின் காய்ச்சலுக்கும், வலிக்கும், வாந்திக்கும், மனமயக்கத்துக்கும் பொறுப்பாளி யார்? வெள்ளவத்தையிலே மாடிவீடு ஒன்றின் நான்காம் தட்டில் தனித்திருக்கும் முதிய மனைவி. அல்லது கொட்டாஞ்சேனையிலே இரண்டு அறை வீட்டில், தன் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டு தகப்பனையும் பார்க்கும் மகள். இவ்விருவரில் எவருக்காவது அந்தக் காகிதத்தின் பொருளை யாராவது தமிழில் எடுத்துரைத்தார்களா? பெரும்பாலும் இல்லை.

வைத்தியர்களைக் குறைகூறுவது எமது நோக்கமன்று. மகரகமை அபேக்ஷா வைத்தியசாலையிலும், கொழும்புத் தேசிய வைத்தியசாலையிலும், ஈரல் மாற்றுச் சத்திரசிகிச்சை வரை நடைபெறும் றாகமை போதனா வைத்தியசாலையிலும் இந்நாட்டின் வைத்தியர்களும் தாதியரும் ஆற்றும் தொண்டு சிறியதன்று. ('அபேக்ஷா' என்பது தேர்தற் காலத்தில் நம் காதுகளில் ஓயாது விழும் 'அபேட்சகர்' என்னும் சொல்லுக்கு உறவுமுறையான வடசொல். வாக்கை எதிர்பார்த்து நிற்பவர்களை நாம் நன்கு அறிவோம். வாழ்வை எதிர்பார்த்து மகரகமை வாசலில் நிற்பவர்களைப் பற்றி இப்பத்திரிகைகளில் எழுதுவோர் குறைவு.) எமது வாதம் வேறு. சிகிச்சைக்குப் பின்வரும் வாரங்களை வீட்டிலே கழிப்பதும் அச்சிகிச்சையின் ஒரு பகுதியே. அந்தப் பகுதியைச் செய்பவர்கள் பயிற்சி பெறாத குடும்பத்தினர். அவர்களுக்கு விளங்கும் மொழியில், எழுத்திலே, அறிவுரை கொடுக்கவேண்டிய கடமை அரசாங்கத்துக்கு உண்டு. கொடுக்கப்பட்டதை விளங்கிக் கடைப்பிடிக்கவேண்டிய கடமை எமக்கும் உண்டு. இரண்டிலும் குறை இருக்கிறது.

ஏனைய பல புற்றுநோய்களுக்கும் ஈரற் புற்றுநோய்க்கும் ஒரு முக்கியமான வேற்றுமை உண்டு. இந்நோய் பெரும்பாலும் ஏற்கெனவே வடுப்பட்டுச் சுருங்கிய ஈரலிலே தோன்றுகிறது. அந்த வடுநோயைச் 'சிரோசிஸ்' என்பர். உலகின் பல பாகங்களில் அதற்கு முதற்காரணம் ஹெபடைடிஸ் பி, சி ஆகிய வைரசுகள். இலங்கையில் அவை குறைவு. நீரிழிவும் உடற்பருமனும் காரணமாக ஈரலிலே படியும் கொழுப்பும், மதுவுமே இங்கு முன்னிற்கும் காரணங்கள் என்று இந்நாட்டு ஈரல் வைத்தியர்களின் ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆகவே, வாழ்நாளில் ஒரு சொட்டும் அருந்தியறியாத பள்ளிக்கூட ஆசிரியைக்கும் இந்நோய் வருகிறது. வந்தபின், 'இவர் எங்கே குடித்தார்?' என்று அயலவர் குசுகுசுப்பதும் நடக்கிறது. இந்தப் பழிச்சொல்லுக்கு அஞ்சியே எத்தனையோ குடும்பங்கள் நோயை மறைக்கின்றன. மறைப்பதால் உதவியும் வாராமற் போகிறது.

ஓர் உறுப்பிலே இரண்டு நோய்கள். கட்டியை அழிக்கக் கொடுக்கும் மருந்து எஞ்சிய ஈரலையும் வருத்துகிறது. எது சிகிச்சையின் பின்விளைவு, எது பழைய ஈரல்நோயின் முற்றல் என்று வைத்தியரே இரத்தப் பரிசோதனை செய்துதான் பல வேளைகளில் தெளிகிறார். அப்படியிருக்க, வீட்டிலுள்ளவர் எப்படி அறிவார்?

சத்திரசிகிச்சையால் கட்டியை வெட்டி அகற்றக் கூடியவர்களும், ஊசியைச் செலுத்திச் சூட்டினாற் கட்டியைப் பொசுக்கக் கூடியவர்களும் நல்வாய்ப்புப் பெற்றவர்கள். அத்தகையோர் சிலரே. பலருக்குச் செய்யப்படுவது இரத்தக்குழாய் வழியான அடைப்புச் சிகிச்சை. கமக்காரருக்குச் சொல்வதானால், ஈரல் என்பது இரண்டு வாய்க்கால் பாயும் வயல். நல்ல ஈரல் பெரும்பாலும் குடலிலிருந்து வரும் வாய்க்காலிலே குடிக்கிறது; புற்றுக்கட்டியோ இருதயத்திலிருந்து வரும் மற்ற வாய்க்காலிலே குடிக்கிறது. தொடையின் மேற்பகுதியிலுள்ள நாடி வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, கட்டிக்குப் பாயும் கிளையிலே மருந்தைப் பாய்ச்சி, அந்த வாய்க்காலை அடைத்துவிடுகிறார்கள். இம்முறை ஆயுளை நீட்டுகிறது என்பதை பார்சிலோனாவிலும் ஹொங்கொங்கிலும் நடந்த இரண்டு ஆய்வுகள் 2002 இல் நிறுவின.

ஆனால் அதன்பின் வரும் நாட்கள்? காய்ச்சல், வலப்பக்க விலாவின் கீழ் வலி, குமட்டல், சாப்பாட்டில் வெறுப்பு. பெரும்பாலும் சில நாட்களிலோ ஒரு வாரமளவிலோ இவை தணியும். சோர்வு மட்டும் சில வாரங்கள் நிற்கும். கட்டி செத்துக்கொண்டிருப்பதன் அடையாளம் இது என்று முன்கூட்டியே சொல்லப்பட்ட குடும்பம் அமைதியாக இருக்கும். சொல்லப்படாத குடும்பம் இரண்டு தவறுகளில் ஒன்றைச் செய்யும்: நள்ளிரவில் அலறியடித்துக்கொண்டு ஓடும், அல்லது, 'ஊசி போட்டதாற் காய்ச்சல்' என்று பத்து நாட்கள் பொறுத்திருக்கும். இரண்டாவதே ஆபத்தானது. நடுக்கத்தோடு திரும்பத் திரும்ப வரும் காய்ச்சல் ஈரலிலே சீழ் கட்டுவதைக் காட்டலாம். கண் மஞ்சளாதல், வயிறு வீங்குதல், கரிய மலம், இரத்த வாந்தி ஆகியவற்றில் எது தோன்றினாலும் ஒரு மணிநேரமும் காத்திருத்தல் கூடாது. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும். 2016 முதல் நடைபெறும் சேவை அது. நமது மூத்தவர்களிற் பலர் அந்த இலக்கத்தை அறியாமலே முச்சக்கர வண்டி தேடி வீதியில் நிற்கிறார்கள்.

வலிக்கு என்ன கொடுப்பது? கேட்கத் தேவையில்லாத கேள்வி என்று நினைப்போம். இங்கேதான் வீட்டு வைத்தியம் பிழைக்கிறது. 'ஈரல் நோயாளிக்குப் பனடோல் நஞ்சு' என்று யாரோ சொல்ல, கடையிலே டைக்ளோஃபெனக் வாங்கிக் கொடுக்கிறார்கள். கமத்தில் முதுகு வலித்தால் விழுங்கிப் பழகிய மாத்திரை அது. சிரோசிஸ் உள்ளவருக்கு அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். வயிற்றில் இரத்தப்போக்கை உண்டாக்கும். பனடோலை வைத்தியர்கள் முற்றாகத் தடுப்பதில்லை. 500 மில்லிகிராம் மாத்திரை நாளொன்றுக்கு நான்குக்கு மேற்படாமல், அதாவது 2 கிராமுக்குள், கொடுக்க அனுமதிப்பதே பொதுவான வழக்கம். ஒவ்வொருவருக்கும் உரிய அளவைத் தம் வைத்தியரிடம் கேட்டு எழுதுவித்துக்கொள்ளவேண்டும். நித்திரை மாத்திரையைத் தாமாகக் கொடுப்பதோ பெருந்தவறு. கீழாநெல்லி முதலான மூலிகைகளைப் பற்றியும் ஒரு சொல்: நாட்டு வைத்தியத்தை நாம் இகழ்பவர்கள் அல்லர். ஆயினும், புற்றுநோய் மாத்திரை உட்கொள்பவர் வைத்தியருக்குத் தெரியாமல் மற்றொரு மருந்தை ஈரலின்மேல் ஏற்றினால், பின் வரும் கேட்டுக்கு எது காரணம் என்று ஒருவராலும் சொல்ல முடியாமற் போகும்.

நிற்க. மாத்திரைகளைப் பற்றிச் சொல்லவேண்டும். அடைப்புச் சிகிச்சைக்கு அப்பாற் போய்விட்ட நோய்க்கு 2007 முதல் சொராஃபெனிப் என்ற மாத்திரை உலகில் வழங்கிவருகிறது. லென்வாட்டினிப் பின்னர் வந்தது. 2020 முதல் மேல்நாடுகளில் ஊசிமருந்துகளின் கூட்டுச் சிகிச்சை முதலிடம் பெற்றுவிட்டது. அதன் விலை நம் மக்களிற் பெரும்பாலோர்க்கு எட்டாதது. மாத்திரை விழுங்குவோரின் உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்து, தடித்து, வெடித்து, நெருப்புப்போல் எரியும். பெரும்பாலும் முதல் ஆறு வாரங்களுக்குள்ளேயே இது தலைகாட்டும். வயிற்றோட்டம் வரும், இரத்த அழுத்தம் ஏறும். எழுதுவினைஞருக்குப் பேனை பிடிப்பது கடினமாகும். கமக்காரருக்கு மண்வெட்டி பிடிப்பது முடியாத காரியம். வன்னியிலிருந்து வந்து வெள்ளவத்தையில் உறவினர் வீட்டிலே தங்கி மருந்து பெற்றுச் செல்லும் கமக்காரர், 'பெரும்போகத்துக்கு நிலம் பண்படுத்தும் நாளில் கை இப்படியானால் யார் உழுவது?' என்று எண்ணி மாத்திரையைத் தாமாகவே நிறுத்திவிடுகிறார். நிறுத்தியதை வைத்தியரிடம் சொல்லவும் மாட்டார், பயம்! உண்மையிலோ, வைத்தியரிடம் சொன்னால் மருந்தின் அளவைக் குறைப்பார், அல்லது சில நாட்கள் இடைவெளி விடுவார். அளவைக் குறைப்பது தோல்வியன்று. அந்த மருந்தை வழங்கும் முறையே அதுதான். தொடக்கத்திலேயே யூரியா கலந்த பூச்சுமருந்தைத் தடவுவதும், வெந்நீரைத் தவிர்ப்பதும், மென்மையான செருப்பணிவதும் பயன் தரும். (வயலுக்கு எறியும் யூரியாவைக் கரைத்துப் பூசவேண்டாம் என்றும் எழுதிவைக்கிறோம். சிரிக்காதீர்கள், அரைகுறையாகக் காதில் விழுந்த அறிவுரை எங்கெங்கோ கொண்டுபோய் விடும்.)

அடுத்தது பத்தியம். இதிலே நம்மவரின் அன்பே நோயாளிக்குக் கேடாக முடிகிறது. ஈரலில் நோய் என்று கேட்டதும் மீனை நிறுத்துவோம், முட்டையை நிறுத்துவோம், பருப்பையும் நிறுத்துவோம். கஞ்சியும் வெறும் இடியப்பமும் கொடுத்து, 'ஈரலுக்கு ஓய்வு கொடுக்கிறோம்' என்போம். ஒரு காலத்தில் வைத்தியர்களே புரதத்தைக் குறைக்கச் சொன்னதுண்டு. அக்கொள்கை கைவிடப்பட்டுப் பல ஆண்டுகளாகின்றன. சிரோசிஸ் உள்ளவருக்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை புரதம் வேண்டும் என்பதே இன்றைய வைத்திய நெறி. 60 கிலோ எடையுள்ளவருக்கு அது 72 முதல் 90 கிராம். ஒரு முட்டையிலே கிடைப்பது சுமார் 6 கிராம்! பட்டினியாற் கரைவது கட்டியன்று, தசை. தசை கரைந்தவர் அடுத்த தடவைச் சிகிச்சையைத் தாங்கமாட்டார். மாதக்கணக்கில் காத்திருந்து பெற்ற திகதியை, 'உடம்பு தேறட்டும்' என்று வைத்தியர் தள்ளிவைப்பார்.

நோயுற்ற ஈரல் இரவுக்கு வேண்டிய சக்தியைச் சேர்த்துவைக்கமாட்டாது. ஆதலால் நீண்ட நேரம் வெறும் வயிற்றோடு இருத்தல் கூடாது. படுக்குமுன் ஒரு சிறு உணவு அவசியம். பாலோ, பயறோ, ஒரு துண்டுப் பாணோடு முட்டையோ போதும். நிறுத்தவேண்டியதை நாம் நிறுத்துவதில்லை என்பதே வேடிக்கை. வயிற்றிலே நீர் கட்டியவருக்கு உப்புத்தான் பகை. மீன்கறியை விலக்கிவிட்டு, 'வாய்க்கு ருசியாக இருக்கட்டும்' என்று கருவாட்டையும் ஊறுகாயையும் மோர்மிளகாயையும் அப்பளத்தையும் தட்டில் வைக்கிறோம்! காலையிலே எழுந்தவுடன் எடை பார்த்து ஒரு கொப்பியில் எழுதிவந்தால், நீர் கூடுகிறதா குறைகிறதா என்பது வைத்தியருக்குக் கண்ணாடிபோல் தெரியும். விரதகாலம் வரும்போது நோயாளி விரதம் பிடிக்க விரும்பினால், அது வேண்டாம் என்று சொல்லும் துணிவு வீட்டிலுள்ள ஒருவருக்காவது வேண்டும்.

இனி நாம் சொல்லப்போவது, சட்டத்தொழிலில் உள்ளவர்கள் என்ற முறையில் எமக்கு மிகவும் கவலை தருவது.

சிகிச்சை முடிந்து சில வாரங்களில், சிலரிடத்தே ஒரு மாற்றம் தோன்றும். பகலிலே உறங்குவார்; இரவிலே விழித்திருப்பார். கணக்கிற் கெட்டிக்காரராக இருந்தவர் மிச்சக்காசை எண்ணத் தடுமாறுவார். கையெழுத்துக் கோணும். கைகளை முன்னே நீட்டச் சொன்னால், மணிக்கட்டிலே பறவை சிறகடிப்பதுபோல் ஆடும். காரணமின்றிக் கோபிப்பார்; பிறகு அதை மறந்துவிடுவார். குடலிலே உண்டாகும் நச்சுப்பொருள்களை ஈரல் வடித்து அகற்ற மாட்டாமல் அவை மூளைக்கு ஏறுவதன் விளைவு இது. மலச்சிக்கல், தொற்று, இரத்தப்போக்கு, நீர்க்குறைவு, நித்திரை மாத்திரை ஆகியவை இதைத் தூண்டும். இதற்கு லக்ரியுலோஸ் என்ற பாணி கொடுக்கப்படுகிறது. நாளுக்கு இரண்டு மூன்று தடவை மலம் இளகிப் போகவேண்டும். அதுதான் அதன் அளவுகோல். அந்த ஒரு வரியைத் தமிழிலே சொல்லாத காரணத்தால் நேர்வதைக் கேளுங்கள். 'மலச்சிக்கல் இல்லாதவருக்கு ஏன் பேதிமருந்து?' என்று மனைவி போத்தலை மூடி வைத்துவிடுகிறார். மயக்கம் வந்தபோது சிலர் அதை வயதின் தடுமாற்றம் என்கிறார்கள். சிலர் நூல் கட்டக் கொண்டுபோகிறார்கள். உரிய வேளையில் வார்ட்டுக்குக் கொண்டுவந்தால் பெரும்பாலும் தெளியக்கூடிய மயக்கம் அது.

இந்நிலையிலுள்ளவர் முச்சக்கர வண்டியோ, மோட்டார் வாகனமோ, உழவு இயந்திரமோ ஓட்டுதல் கூடாது. அது ஒரு புறமிருக்க, அவர் கையொப்பமிடும் உறுதியின் கதி என்ன? தகப்பன் கட்டிலிலே கிடக்கும்போது நொத்தாரிசை அழைத்துவந்து காணியை ஒரு பிள்ளைக்கு எழுதுவிப்பதும், மறு பிள்ளை வெளிநாட்டிலிருந்து வந்து, 'அப்பா அன்றைக்குச் சுயபுத்தியோடு இருக்கவில்லை' என்று மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குத் தொடுப்பதும் நாம் காணாத காட்சிகள் அல்ல. அற்றோணித் தத்துவம் இருக்கிறதே என்று ஆறுதல் அடைவோரும் உளர். தத்துவம் கொடுத்தவர் புத்தி பேதலித்தபின் அந்தத் தத்துவத்தை நம்பி நடத்தும் கருமங்கள் நிலைக்கமாட்டா. நோய் இன்னதென்று தெரிந்த முதல் வாரங்களிலே, அறிவு தெளிவாக இருக்கும்போதே, செய்யவேண்டியதைச் செய்துகொள்ளவேண்டும். 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி மரணசாசனம் ஒன்றை நொத்தாரிசு முன்னிலையில் இரண்டு சாட்சிகளோடு எழுதலாம். நொத்தாரிசு இல்லையாயின் ஐந்து சாட்சிகள் வேண்டும். ஏற்கெனவே மயக்கம் வந்து தெளிந்தவராயின், அன்றைய தினமே வைத்தியர் ஒருவர் பார்த்து, 'தெளிந்த அறிவோடிருக்கிறார்' என்று எழுதிக் கொடுத்த துண்டையும் சேர்த்து வைப்பது பிற்காலத்தில் சகோதரர் இருவரைக் காக்கும்.

ஆனால் இதைச் செய்வதற்கு நோயாளிக்குத் தம் நோய் இன்னதென்று தெரியவேண்டுமே! 'அப்பாவிடம் சொல்லவேண்டாம் டாக்டர், தாங்கமாட்டார்' என்று வாசலிலேயே வைத்தியரை மறிப்பது நம் குடும்பங்களின் வழக்கம். ஐம்பது வருடம் குடும்பத்தை நடத்தியவர், தம் உடம்பைப் பற்றிய செய்தியைத் தாங்கமாட்டார் என்று முடிவுசெய்ய நாம் யார்? மகரகமை வாசலிலே பஸ்ஸால் இறங்கும் ஒருவருக்கு அது எந்த வைத்தியசாலை என்று தெரியாதா? தெரிந்தும் தெரியாதவர்போல் அவரும் நடிக்கிறார். வீடு முழுவதும் நாடகம் நடக்கிறது. கேட்க விரும்பாதவர்மேல் நாம் திணிக்கச் சொல்லவில்லை. எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று அவரையே கேட்பதுதான் மரியாதை.

வெள்ளவத்தைக்கும் கொட்டாஞ்சேனைக்கும் இடையே உள்ள வேற்றுமையையும் சொல்லவேண்டும். வெள்ளவத்தையிலே பணம் ஓரளவு உண்டு, ஆள் இல்லை. பிள்ளைகள் ரொறன்ரோவிலும் லண்டனிலும். தனியார் வைத்தியசாலையில் சனலிங் செய்ய அங்கிருந்தே காசு கட்டுகிறார்கள். இரவு பத்து மணிக்குத் தொலைபேசியில் முகம் பார்த்து, 'அப்பா நல்லாய்த்தானே இருக்கிறார்' என்கிறார்கள். அந்தச் சின்னத் திரையிலே மஞ்சட்கண் தெரிவதில்லை. ஆடும் கை தெரிவதில்லை. கொட்டாஞ்சேனையிலே ஆள் உண்டு, பணம் இல்லை. துறைமுகத்திலோ புறக்கோட்டைக் கடையிலோ நாட்கூலிக்கு வேலை செய்யும் மகன், கிளினிக் நாளிலே கூலியை இழக்கிறான். விடியற்காலையில் 112 ஆம் இலக்கப் பஸ்ஸில் ஏறி மகரகமைக்குப் போய், எண் எடுத்து, மாலையிலே திரும்பவேண்டும். வாந்தி வரும் வயிற்றோடும் எரியும் உள்ளங்காலோடும் அந்தப் பயணத்தை நின்றுகொண்டே செய்த நோயாளிகளை நாம் கண்டிருக்கிறோம். 2022 இன் பொருளாதார நெருக்கடியிலே வைத்தியசாலைகளில் மருந்து தீர்ந்து, வெளியிலே வாங்கச் சொன்ன காலத்தை எவரும் மறக்கவில்லை.

வடக்கிலிருந்து வருவோரின் கதை இன்னும் நீளமானது. ஒவ்வொரு தொடர் பரிசோதனைக்கும் இரவு பஸ்ஸில் கொழும்பு வரவேண்டுமா? தெல்லிப்பழையிலே புற்றுநோய் வைத்தியசாலை இருக்கிறது. 2011 இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை, பெரும்பாலும் சிங்கள மக்கள் நிறைந்த ஊர்களினூடாக, 27 நாட்கள் நடந்து திரட்டிய நிதி அதற்கு உதவியது என்பதை நன்றியோடு நினைவுகூர்கிறோம். சிகிச்சைக்குப் பின் முதலிரு ஆண்டுகளில் சுமார் மூன்று மாதத்துக்கொரு முறை ஸ்கான் படமும் இரத்தப் பரிசோதனையும் வேண்டும். அவற்றில் எவற்றை வடக்கிலேயே செய்து முடிவைக் கொழும்பு வைத்தியருக்கு அனுப்பலாம் என்று ஒவ்வொரு நோயாளியும் தம் கிளினிக்கில் கேட்டுப் பார்க்கவேண்டும். கேளாமல் இருப்பதனாலே எத்தனை பேர் தொடர் பரிசோதனையையே கைவிடுகிறார்கள்!

இப்பொழுது மொழிக்கு வருவோம். ஆங்கிலத்திலே எழுதிய காகிதம் மொனராகலைச் சிங்களக் கமக்காரருக்கும் விளங்காதுதான். நீதியாகச் சொல்வதானால் இது அவருக்கும் குறையே. ஆனால் அவர் தாதியிடம் தம் மொழியிலே கேட்டுத் தெளியலாம். கொட்டாஞ்சேனைத் தமிழ்ப் பெண் யாரிடம் கேட்பார்? துப்புரவுத் தொழிலாளியாக அங்கே வேலைசெய்யும் ஒரு தமிழரே பல வார்ட்டுகளில் மொழிபெயர்ப்பாளர்! சம்பளம் இல்லாத அந்த மொழிபெயர்ப்பாளரின் நற்குணத்தை நம்பியே மருந்தளவுகள் வீட்டுக்குப் போகின்றன.

தமிழும் அரசகரும மொழியாக வேண்டும் என்று 1987 இன் பதின்மூன்றாம் திருத்தம் கூறியது. 1988 இன் பதினாறாம் திருத்தத்தால் அமைந்த அரசியலமைப்பின் 22 ஆம் உறுப்புரை, சிங்களம் நிருவாக மொழியாக உள்ள இடங்களிலும், எவரும் அரச அலுவலரோடு தமிழிலோ ஆங்கிலத்திலோ கருமமாற்றவும், தாம் தொடர்புகொண்ட அதே மொழியில் மறுமொழி பெறவும் உரித்துடையவர் என்கிறது. 'தமிழிலோ ஆங்கிலத்திலோ' என்ற சொற்றொடரைப் பிடித்துக்கொண்டு, ஆங்கிலக் காகிதம் கொடுத்தோமே என்று ஒரு நிருவாகி வாதிடக்கூடும். 'அதே மொழியில்' என்ற சொற்கள் அவ்வாதத்தை முறியடிக்கும். ஆனால் அதற்கு முதலிலே நோயாளி தமிழிலே எழுதிக் கேட்டிருக்கவேண்டும். வாயாற் கேட்டுவிட்டு வந்தவரிடம் காட்டுவதற்குச் சான்று ஒன்றுமில்லை.

ஆகையால் நாம் சொல்வது: அடுத்த கிளினிக்குக்குப் போகும்போது ஒரு தாளிலே தமிழில் எழுதிக்கொண்டு போங்கள். எந்த மருந்து எதற்கு, எந்த அளவு. எந்த அறிகுறி கண்டால் எந்த வார்ட்டுக்கு வரவேண்டும். எந்தத் தொலைபேசியில் கேட்கவேண்டும். என்ன உண்ணலாம், எதைத் தொடக்கூடாது. எப்போது வேலைக்குத் திரும்பலாம். பிரதி ஒன்றை வைத்துக்கொண்டு, கொடுத்த திகதியைக் குறித்துக்கொள்ளுங்கள். வைத்தியர் நேரமின்றித் தவிப்பவர், அவரோடு முரண்படவேண்டியதில்லை, கடிதம் வைத்தியசாலைப் பணிப்பாளருக்கு முகவரியிடப்படட்டும். மறுமொழி தமிழில் வாராவிட்டால், 1991 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்ட அரசகரும மொழிகள் ஆணைக்குழுவிடம் முறையிட வழியுண்டு. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், அந்த வைத்தியசாலையில் தமிழ் தெரிந்த தாதியர் எத்தனை பேர், மொழிபெயர்ப்பாளர் பதவிகள் எத்தனை, அவற்றில் நிரப்பப்பட்டவை எத்தனை, ஈரல் நோயாளிக்கான தமிழ் அறிவுரைத் தாள் அச்சிடப்பட்டிருக்கிறதா என்று எந்தப் பிரசையும் கேட்கலாம். தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தம் தீர்மானத்தை அறிவிக்கவேண்டும்.

சுகாதார அமைச்சு செய்யவேண்டியதோ மிகச் சிறியது: இரண்டு பக்கத் தாள் ஒன்று, மூன்று மொழிகளில். கோடி ரூபாய் வேண்டியதில்லை. வெளிநாட்டுக் கடன் வேண்டியதில்லை. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழும் தமிழ் வைத்தியர்கள், ஓய்வுபெற்ற தாதியர், மருந்தாளர் ஆகியோர் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடினால், அத்தாளின் தமிழ் வாசகத்தை எழுதி, ஈரல் வைத்திய நிபுணர் ஒருவரைக் கொண்டு சரிபார்த்து, அமைச்சின் கையிலே கொடுத்துவிடலாம். அமைச்சு அச்சிடத் தாமதித்தால் நமது கடைக்காரர்கள் அச்சிட்டுக் கொடுப்பார்கள். அதற்கு முன்வருவோரும், மேற்சொன்னவாறு தமிழில் எழுதி மறுமொழி பெற்றோரும், பெறாதோரும், தம் கடிதங்களின் பிரதிகளை இப்பத்திரிகையின் முகவரிக்கு அனுப்பிவைப்பார்களாக. நோயாளியின் பெயரை மறைத்து அனுப்பினாற் போதும். வைத்தியசாலையின் பெயரையும் கடிதம் கொடுத்த திகதியையும் மட்டும் மறவாமல் குறிப்பிடவும்.